சாயத் தண்ணீருக்கு ஒரு கொள்கை

மார்ச் 4
எங்கள் சாய ஆலைக்குச் சுற்றுச்சூழல் கொள்கை அறிக்கை வேண்டுமாம். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் நிபந்தனை. எம்.டி. என்னை அழைத்து, "ஒரே பக்கம் போதும் சார். படிக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்" என்றார். நம் கால்வாயோரம் நின்றாலே வருமே என்று சொல்ல நா எழுந்தது. நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், நாவையும் கட்டுப்படுத்தினேன்.

மார்ச் 6
சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குபவன் என் மனைவியின் தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். உண்மை நிலவரம் கேட்டேன்.
"அதிகாரிங்க வர்ற அன்னிக்குத்தான் மெஷின் ஓடும் அத்தான். மத்த நாள்ல வால்வைத் திறந்தா நேரா கால்வாய். கரண்ட் பில்லை உங்கப்பனா கட்டுவான்னு கேக்கறாரு எம்.டி."
எழுத்தில் உத்தரவு உண்டா என்றேன். சிரித்தான். "திருடப் போறவன் லெட்டர்பேடுலயா எழுதிக் குடுப்பான்?"

மார்ச் 9
வரைவு முடிந்தது. கடைசிப் பத்தி: "சுத்திகரிக்கப்படாத நீரை வெளியேற்றுபவர் எப்பதவியில் இருப்பினும் பணிநீக்கம் செய்யப்படுவார்." எம்.டி.யும் இயக்குநர் குழுவுக்குக் கட்டுப்பட்டவர்தானே? இந்த இடத்தில் கட்டாயம் முரண்டு பிடிப்பார். பிடிக்கட்டும்.

மார்ச் 10
பிடிக்கவில்லை. வாசித்த கையோடு கையொப்பமிட்டார். "கடைசிப் பத்தி பிரமாதம் சார்!"
ஏன் இவ்வளவு மகிழ்ச்சி?

மார்ச் 27
அறிக்கையைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 18
கால்வாயில் சிவப்புத் தண்ணீர். யாரோ படமெடுத்து ஊரெங்கும் பரப்பிவிட்டார்கள். அதிகாரிகள் வந்தனர். எம்.டி. என் அறிக்கையை அவர்கள் முன் வைத்தார். "எங்க விதி தெளிவா இருக்கு. வால்வைத் திறந்தவனை வேலையை விட்டுத் தூக்கறோம்."
திறந்தவனை. திறக்கச் சொன்னவனை அல்ல.

ஏப்ரல் 22
விசாரணை. மைத்துனன் என்னைக் காட்டினான். "எம்.டி. சொல்லித்தான் திறந்தேன். அத்தானுக்கே தெரியும்."
விசாரணை நடத்திய வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார். "எம்.டி. உத்தரவிட்டதை நீங்கள் நேரில் கேட்டீர்களா?"
உத்தரவிட்டதாகக் கேள்விப்பட்டேன், நேரில் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. "நேரில் கேட்கவில்லை" என்றேன். எம்.டி. மெல்லத் தலையசைத்தார், சரியான விடை சொன்ன மாணவனைப் பார்ப்பதுபோல. மைத்துனன் என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "தெரியும்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிச்சுதா?"
"கேக்காததைக் கேட்டேன்னு எப்படிச் சொல்றது?"
"என் தம்பி உங்ககிட்ட சொன்னதைக் கேட்டீங்கல்ல? அதைச் சொல்லியிருக்கலாம்ல?"
சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்வியில் அது இல்லை— கேள்வியில இல்லாட்டி என்ன? எனக்கு வாய் இல்லையா? இவ்வளவு படிச்சு என்ன கிழிச்சேன்? என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 30
பணிநீக்க ஆணையை நானே தயாரிக்க வேண்டுமாம். "உங்க வாசகந்தானே சார், நீங்களே போட்டா பொருத்தமா இருக்கும்" என்றார் எம்.டி. போட்டேன். பிழை ஒன்றும் இல்லை.

மே 5
மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மகள்தான் தொலைபேசியில் பேசினாள். "சாவி பக்கத்து வீட்டுல இருக்குன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க." எப்போது வருவாள் என்றேன். "அதைச் சொல்லச் சொல்லலைப்பா."
அடுத்ததாகத் தொழிலாளர் நலக் கொள்கை வேண்டுமாம். தலைப்பை எழுதிவிட்டேன்.