புதன்கிழமை வகுப்பின் கடைசி பெஞ்சு

வெண்ணந்தூர்
சனிக்கிழமை

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு உன்னைப் பார்த்துவிட்டேன், கொஞ்சம் இளைத்திருக்கிறாய். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீ பாடம் நடத்தும்போது நான் வேண்டுமென்றே கரண்டைப் பிடுங்கிவிட்டேன் என்று எதிர்வீட்டு மாரக்காள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மக ஜெர்மனியில இருந்துக்கிட்டு நம்மூருப் புள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லித் தருது, இந்தம்மாளுக்குப் பொறுக்கலைங்க என்று பால்காரரிடம்கூடச் சொன்னாளாம். நான் பிடுங்கவில்லை. என் கால் ஒயரில் தடுக்கியது. வேறு யாராவது உனக்கு வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையும் இப்படியே திருத்திக்கொள்.

ஏழாம் வகுப்பு டீச்சர் சௌந்தர்யா மூன்று வாரமாக, ஒரு நாளைக்கு வந்து பாருங்கம்மா, உங்க மக பாடம் நடத்தறதைப் பார்த்தா பூரிச்சுப் போயிருவீங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன புதன்கிழமை நீ தீபாவளிக்கு அனுப்பிய நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். நான் வந்திருப்பதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், நீயாகப் பார்த்துக் கேட்பாய் என்று. உனக்கு வகுப்பைக் காட்டும் அந்தக் கேமராவுக்கு மூன்றாவது வரிசைக்குப் பின்னால் தெரியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்மார்ட் போர்டைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விரலாலேயே எழுதுகிறார்கள், இங்கே எழுதுவது அங்கே உனக்குத் தெரிகிறது, நீ அங்கே கோடு போட்டால் இங்கே விழுகிறது. உன் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வருகிறது, அதை மட்டும் யாரிடமாவது சொல்லிச் சரிசெய். ஆனால் நாற்பது நிமிஷம், சத்யா. எனக்கு ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம், மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா, வெச்சிரட்டுங்களா. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியிடம் தம்பிக்குக் காதுகுத்து எப்படி நடந்தது என்று கேட்டாய், இன்னொருத்தியிடம் ஆடு குட்டி போட்டதா என்று கேட்டாய், எல்லாரையும் சாமி சாமி என்று கூப்பிட்டாய். நான் உன்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அதை எங்கே கற்றாய் என்று தெரியவில்லை.

பிறகு ஷாலினி என்ற பிள்ளையை எழுப்பி வீட்டைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னாய். அவள் போர்டு முன்னால் விரலைத் தூக்கியபடியே நின்றாள், தப்பு வருமுங்க மிஸ் என்றாள். வந்தா வரட்டும் சாமி, மனசுல இருக்கறதை எழுது, நான் மார்க்குப் போட மாட்டேன் என்றாய். அவள் எழுதினாள். நாலு வரியில் பதினோரு தப்பு, நான் எண்ணினேன். நீ ஒன்றைக்கூடத் தொடாமல், தறிச் சத்தத்துல உங்க பூனை எப்படித் தூங்குது என்று கேட்டாய். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். ஏற்காட்டு ஹாஸ்டலில் இருந்து நீ வாரம் ஒரு கடிதம் எழுதுவாய், நான் அதைச் சிவப்பு மையில் திருத்தி, மேலே மார்க் போட்டு, உனக்கே திருப்பி அனுப்புவேன். கான்வென்டில் சிஸ்டர்கள் என்னை அப்படித்தான் வளர்த்தார்கள், அக்கறை என்றால் அதுதான் என்று இருந்துவிட்டேன். புள்ள காய்ச்சல்னு எழுதியிருக்குது, நீ மார்ஜினைப் பார்த்துக்கிட்டு இருக்கறயே என்று உன் அப்பா ஒரு முறை கோபித்துக்கொண்டார். அந்தக் கடிதத்துக்குப் பத்துக்கு ஆறரை போட்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே வரவில்லை.

அதற்கு மேல் உட்கார முடியாமல் எழுந்தேன், பின்சுவரிலிருந்து போகும் ஒயரில் கால் தடுக்கியது, நீ அணைந்துபோனாய். தடுக்கியது உண்மை. பிளக் காலடியில் கிடந்தும் குனியாமல் கொஞ்ச நேரம் நின்றேன் என்பதும் உண்மை, அதை மாரக்காளிடம் சொல்லிவிடாதே. ஐயோ மிஸ் போயிட்டாங்க என்று பிள்ளைகள் கத்தினார்கள். ஷாலினி ஓடிவந்து, காலைக் கொஞ்சம் நகர்த்துங்க பாட்டி என்று சொல்லிச் சொருகினாள். நீ திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆனது. வந்ததும், எல்லாரும் இருக்கீங்களா சாமி என்று கேட்டாய். இருக்கோம் மிஸ் என்று அத்தனை பேரும் கத்தினார்கள். நானும் இருக்கிறேன் என்றேன். அந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், உன் வகுப்பும் நன்றாக நடக்கட்டும். பாடம் நடத்தும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைச் சாத்து, இரண்டு முறை இருமினாய். இந்த ஞாயிறு ஃபோன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. சிவப்பு மைப் பேனா இப்போது வீட்டில் இல்லை. எத்தனை தப்பு இருந்தாலும் இருக்கட்டும், தாளில், உன் கையால், எனக்கு ஒரு பதில் கடிதம் எழுது.

உன் அம்மா,
பெரியநாயகி சண்முகவேல்