நாலாவது கோப்பை

சாயங்கால ரயில் கிளம்பும் நேரத்தில் காற்று மட்டும் சரியாகத் திரும்பினால், எஞ்சினின் கரிப்புகை மலைமேல் மடைப்பள்ளி வரை வந்துவிடும். நாளெல்லாம் விறகுப் புகையில் நிற்கிற எனக்கு அது தனியாகத் தெரியும். இன்று வந்தது. புளியோதரைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியைப் பிடித்தபடி உன் சட்டையை நினைத்தேன். ஸ்டேஷனில் டிக்கெட் கிழிக்கிற குமாஸ்தாவின் சட்டையில் டிரைவர் அளவுக்குக் கரி எதற்கு என்று நான் கேட்டதும், "இன்னா பண்றது சாமி, எஞ்சினுக்கு எம்மேல ஆச" என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. தை மாதக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இப்போது கோடை. எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் கஷாயம் சொல்கிறார்கள்.

உச்சிக்கால நைவேத்தியம் முடிந்து நான் மலை இறங்கினால், அடுத்த வண்டி வரும்வரை உனக்கும் வேலை இருக்காது. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து கிடக்கும் லுங்கி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ரம்மி ஆடுவோம். ஒருநாள் நீ வேறொரு கட்டைக் கொண்டுவந்தாய். அரக்கோணத்தில் ஒரு எஞ்சின் டிரைவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, அவர் மனைவி வீட்டைக் காலி செய்கையில் கொடுத்த கட்டு. எல்லாச் சீட்டிலும் படம். வாளை இஸ்பேட் என்றும், தடியைக் கிளாவர் என்றும், காசை டைமன் என்றும், கோப்பையை ஆடுதன் என்றும் வைத்துக்கொண்டோம். சாமியார், பிசாசு, நிலா என்று எதிலும் சேராமல் நின்ற சீட்டுகளை எல்லாம் ஜோக்கர் ஆக்கினோம். ஆட்டம் தொடங்கின சூட்டோடு முடிந்துபோயிற்று. மறுபடி கலைத்தோம், இருவரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கவிழ்த்தோம். "இத்தினி ஜோக்கர் இருந்தா எவன்தான் தோப்பான்?" என்று மூட்டையில் சாய்ந்து சிரித்தாய். அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு அடியிலிருந்த சின்னப் புத்தகம் கண்ணில் பட்டது. அது ஜோசியக் கட்டு.

நீ புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்துச் சொன்னாய். வாள் என்றால் சண்டை, துக்கம். தடி என்றால் உழைப்பு. காசு காசுதான். கோப்பைதான் தண்ணீர், மனசு, பாசம், பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அந்த ஜாதியில் அடக்கம். முதல் சீட்டில் மேகத்திலிருந்து ஒரு கை வருகிறது, அதில் பொங்கி வழிகிற கோப்பை. பால் பொங்கினால் நல்லதுதானே, அது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. ஐந்தாவதில் கறுப்புப் போர்வைக்காரன் ஒருவன், கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளையே பார்த்து நிற்கிறான். பின்னால் இரண்டு நிமிர்ந்திருக்கின்றன, அவன் திரும்பவே இல்லை. நீ அதற்கு நீளமாக விளக்கம் படித்தாய். "சிந்தினத தொடைக்காம நிக்கறான் பாரு" என்றேன். "உனக்கு எதப் பாத்தாலும் மடப்பள்ளிதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

நாலாவது கோப்பையில்தான் நமக்குச் சண்டை வந்தது. மரத்தடியில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே மூன்று கோப்பைகள். நாலாவதை மேகத்துக் கை அவன் முகத்துக்கு நேராக நீட்டுகிறது. அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "குடுக்கறதோட அரும தெரியாதவன்னு போட்டுகீது. திமிரு" என்றாய். "திமிரு இல்ல. ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கான். அவனுக்குப் பசியே இல்ல" என்றேன். சமைக்கிறவனுக்குத்தான் அது தெரியும். வாசனையிலேயே வயிறு அடைத்துப்போய், இலை முன்னால் உட்கார்ந்தால் ஒரு பிடி இறங்காது. நீ சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். "அப்ப இது நீதான், சாமி." எனக்குச் சுருக்கென்றது. நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி பிரசவத்தில் போனதும் குழந்தையை அவள் தம்பியும் அவன் மனைவியும் பள்ளிப்பட்டுக்குத் தூக்கிப்போனார்கள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. என் பெண் நடக்கவும் பேசவும் கற்றதெல்லாம் அங்கேதான். நான் போய்ப் பார்த்தது அபூர்வம். வெறுப்பு ஒன்றும் இல்லை. விடிந்தால் அடுப்பை மூட்டுவதற்கு மேல் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அந்த வாரம் மைத்துனன் ஆள் அனுப்பியிருந்தான். கடப்பாவில் வேலை கிடைத்திருக்கிறது, குழந்தையைத் தன் பெண்ணாகவே அங்கே வளர்க்கட்டுமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் போவதாக இல்லை. "வேணாம்னு இல்ல. முடியல" என்றேன் உன்னிடம்.

நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். சீட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "அசதி வேற, வேணாங்கறது வேற. எனக்குத் தெரியுது. ஆனா நீட்டிகினு நிக்கற கைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், சாமி."

மாதா கோயிலில் உன் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு, உன் மனைவி திட்டத் திட்ட என்னைப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏற்றினாய். "நம்ம ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னு சர்க்காருக்கே இன்னும் முடிவாவல. நீயாவது ஒண்ண முடிவு பண்ணு" என்றாய் வழியில். அங்கே பாதி வீடு மூட்டை கட்டியிருந்தது. குழந்தை மைத்துனன் காலைக் கட்டிக்கொண்டு, "நைனா, இது யாரு?" என்று அவனைக் கேட்டாள். அவன் தலை குனிந்தான். "பாவா, நீங்க வாயத் தொறக்கவே இல்லியே. பொண்ணு வேணாம்னு இருக்கீங்கன்னே நெனச்சுகினோம்." நீ சொன்னதுதான், அவன் வாயிலிருந்தும் வந்தது. "ஒருநாளும் அப்படி நெனைக்கல. என்னால எழுந்திருக்க முடியல, அவ்வளவுதான்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். குழந்தை போய்விடுமோ என்று அவன் மனைவியும் அழுதாள். அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது நியாயமாகப் படவில்லை. கடப்பாவிலேயே வளரட்டும், ஆனால் என் பெண் என்று தெரிந்து வளரட்டும், கோடை லீவுக்கு இங்கே வரட்டும் என்று முடிவாயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தூங்கிப்போனேன். உன் தோள்தான் தலையணை.

கடப்பா வண்டி காலையில் இங்கே நிற்கும். கோடை லீவுக்கு மைத்துனன் குழந்தையை இறக்கிவிட்டு அதே வண்டியில் பட்டணம் போவான். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன் என்பதால் ஒவ்வொரு வருடமும் அவளை இறக்கிக்கொண்டது நீதான். டிக்கெட் அறையில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுப்பாய். உன் மனைவி வந்து தலை வாரிவிடுவார். பிரயாண அலுப்பையும் அழுகையையும் முரண்டையும் நீங்கள் இருவரும் வாங்கிக்கொண்டு, தெளிந்த பிள்ளையை என்னிடம் கொடுத்தீர்கள். அது எனக்கு இந்த வருடம்தான் புரிந்தது. அந்தச் சீட்டுக்கட்டை உன் மனைவி அடுப்பில் போட்டுவிட்டாராம். "சிலுவைக்குப் பக்கத்துல அந்தக் கண்றாவி எதுக்கு?" என்றார்.

முந்தாநாள் காலை கரண்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் இறங்கியதும் என்னைத் தாண்டி டிக்கெட் ஜன்னலைப் பார்த்தாள். "மாமா எங்க?" என்றாள். "மாமா செத்துட்டாரும்மா" என்றேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். பார்க்காதவள்போல முன்னால் நடந்தாள்.

பழைய ஆளாக இருந்தால் கையை மடக்கிக்கொண்டிருப்பேன். பிள்ளைக்கு இங்கே பிடிக்கவில்லை என்று மறுநாளே அனுப்பியும் வைத்திருப்பேன். ராத்திரி பூராவும் ரயிலில் உட்கார்ந்து வந்தவள், இறங்கியதும் இப்படி ஒரு சேதி, அசந்துதான் போயிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கும் கால் இழுத்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கடைத்தெருவில் பூக்காரி பார்த்துவிட்டு, "இன்னா சாமி, கைய நீட்டிகினே போற?" என்று சிரித்தாள். ஆங் என்று சொல்லிக்கொண்டே போனேன். அடிவாரத்துக்கு வந்ததும் என் பெண் நின்றாள். தோளில் கிடந்த பையைக் கழற்றி என் கையில் மாட்டினாள். உள்ளே என்ன வைத்திருந்தாளோ, நல்ல கனம். இருவரும் ஏறினோம்.