ஷூ லேசில் கோத்த சாவி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் கால்வலி இப்போது தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஓட்டப்பந்தயத்தில் நானும் ஓடினேன். விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன், பதறாதே, காய்ந்துவிட்டது. அப்பா இருந்தபோது அவர் செய்ததுபோல அறைச் சாவியை ஷூ லேசில் கோத்திருந்தேன். கூட வேலை பார்க்கும் அக்கா, "சாவிய என்கிட்ட குடுத்தா தின்னுடுவேனாடி?" என்று சிரித்தாள்.

ஓடி ஓடி அலமாரி நிறையக் கோப்பை வாங்கிய மனுஷர் அப்பா, விடிகாலையில் ஓடப் போனாலும் சாவியோடுதான் போவார். "பெல் அடிச்சா உங்கம்மா தூக்கம் கெட்டுடும்" என்பார். நீயோ அவர் திரும்பும்வரை கண்ணை மூடிக்கொண்டு விழித்தே கிடப்பாய்.

ஊருக்கு வர லீவு கிடைத்துவிட்டது. விமானம் விடிகாலையில்தான் இறங்குமாம். அடுத்த பார்சலில் அப்பாவின் சாவியை வைத்து அனுப்பு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அம்மா. நான் வரும்போது நீ தூங்குவதுபோலவே படுத்திரு.

உன் மகள்