எங்கள் பச்சைக்கிளி லேபிள்

ஆவணி 14, வியாழன்

சாத்தூர்க் கடையில் இன்று ஒருவர், "கிளி வெடி குடுங்க" என்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டியில் எங்கள் பட்டாசுக் கம்பெனி லேபிளில் உள்ள அதே பச்சைக்கிளி. கம்பெனி பெயர் மட்டும் வேறு.

உடனே வக்கீலுக்குப் போன் செய்தேன். "கிளிப் படத்தை டிரேட்மார்க்காப் பதிஞ்சிருக்கீகளா?" என்று கேட்டார். அப்பாவின் பெயர்கொண்ட கம்பெனிப் பெயரை மட்டுமே பதிந்திருந்தேன். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வெடி கேட்டு நான் பார்த்ததில்லை.

"அப்படின்னா, ரொம்ப வருசமா நீங்கதான் கிளி போடுறீகன்னு பழைய லேபிளைக் காட்டணும்" என்றார்.

வீடு, ஆபீஸ் எல்லாம் தேடிவிட்டேன். ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சீசன் முடிவிலும் மிஞ்சிய லேபிளை நானே பக்கத்தில் நின்று எரித்திருக்கிறேன், யாரும் எடுத்துப் போலிச் சரக்கில் ஒட்டிவிடக் கூடாதென்று.