பதிவேட்டில் இருந்த என் எண்

வடோதரா
4 ஆகஸ்ட் 1997

அன்புள்ள கிரிட்,

நலம். நீயும் ரஞ்சன் அண்ணியும் நலமா? அங்கலேஷ்வரில் இந்த மழைக்கும் அந்த ரசாயன ஆலைகளின் புகைநெடி அடங்கவில்லை என்று கேள்வி.

நம் கல்லூரியில் பழைய மாணவர் பட்டியல் ஒன்று தயாரிக்கிறோம். மூன்றாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சூரத்துக்குப் போனவன் நீ. கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி ஆண்டை எப்போது வந்து எழுதினாய்? கடைசி ஆண்டு முழுக்க நான் இங்கேதான் இருந்தேன். உன்னைப் பார்த்த ஞாபகமில்லை.

உன்
ஃபால்குன்

அங்கலேஷ்வர்
9 ஆகஸ்ட்

அன்புள்ள ஃபால்குன்,

நாலு வருஷமாக ஒரு கார்டு கூடக் கிடையாது. இப்போது திடீரென்று என் பரீட்சை மேல் அக்கறை. “வாத்தியார் ஆனதும் உங்க சிநேகிதருக்கு நம்ம ஞாபகம் வந்துடுச்சாக்கும்” என்று ரஞ்சன் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனித்தேர்வராக எழுதினேன். வேறு யாராவது கேட்கச் சொன்னார்களா? எங்கள் மேலாளர் மாங்கட் சாஹேப் கொஞ்ச நாளாக என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

கிரிட்

வடோதரா
13 ஆகஸ்ட்

கிரிட்,

பொறியியலுக்குத் தனித்தேர்வு கிடையாது. மாணவர் பட்டியல் என்றது பொய், மன்னித்துவிடு. உன் நிறுவனம் உன் பட்டச் சான்றிதழின் நகலைச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறது. பதிவேடு என் மேசைக்கு வந்தது. அந்த நகலில் உன் பெயருக்கு மேலே இருக்கும் பதிவு எண் என்னுடையது. என் சான்றிதழை நானே கொடுத்தேன் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? கொடுத்தேனா, கிரிட்?

இன்னொன்று. ரசாயன வினை நடக்கும் புது ரியாக்டர் கலத்தில் நீ வேலை செய்வதாக அவர்கள் கடிதத்தில் இருக்கிறது. அதற்கு, அழுத்தம் மீறினால் கிழிந்து வழிவிடும் தகட்டின் அளவை யார் கணக்கிட்டது?

ஃபால்குன்

அங்கலேஷ்வர்
17 ஆகஸ்ட்

ஃபால்குன்,

நீ கொடுக்கவில்லை. வேலைக்கு மனுப்போட நீ எடுத்த நகல்களில் ஒன்று, நீ பிறகு திருப்பி அனுப்பிய என் புத்தகத்துக்குள் கிடந்தது. அதில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்து, நான் சாயப்பட்டறையில் ஆபரேட்டராகச் சேர்ந்த மறு வருஷம் அது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் பட்டம் வேண்டும் என்று இருந்தது. மூன்று வருஷம் படித்தவன் என்றால் வாசலோடு சரி.

இங்கே ப்ராசஸ் பிரிவில் வேதியியல் பி.எஸ்.சி. படித்தவர் இருக்கிறார், மெக்கானிக்கல் டிப்ளமோக்காரர் இருக்கிறார். வால்வின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவன் நான் ஒருவன்தான். பதினோரு வருஷத்தில் என் கையால் ஒரு விபத்து உண்டா?

தகட்டைக் கணக்கிட்டதும் நான்தான். தாள்கள் இத்துடன். திருத்திப் பார், வாத்தியாரே.

கிரிட்

வடோதரா
20 ஆகஸ்ட்

கிரிட்,

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். குளிரூட்டும் தண்ணீர் நின்றால் சூடு ஏறும். சூடு ஏற ஏற வினையின் வேகமும் ஏறும். நீ சாதாரண வெப்பநிலையின் வேகத்தையே கடைசிவரை வைத்திருக்கிறாய். தகடு தேவையான அளவில் பாதிகூட இல்லை. இது கடைசி ஆண்டுப் பாடம். நீ இல்லாத ஆண்டு.

ரியாக்டரை நிறுத்து. சொல்லச் சங்கடம் என்றால் நான் சாஹேபுக்கு எழுதுகிறேன். சான்றிதழ் விஷயத்தில், பதிவேட்டைப் பூச்சி அரித்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

ஃபால்குன்

அங்கலேஷ்வர்
2 செப்டம்பர்

அன்புள்ள ஃபால்குன்,

உன் கடிதம் வந்தபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். ஆலை கேட் அருகே நின்றே படித்தேன். முதலில் நீ பழிவாங்குகிறாய் என்றே தோன்றியது. உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டேன். நீ சொன்னதே சரி. ரியாக்டர் இருக்கும் தளத்தில் ஒரு ஷிஃப்டுக்குப் பதினான்கு பேர்.

நேரே மாங்கட் சாஹேபிடம் போனேன்.

“ரியாக்டரை நிறுத்தச் சொல்லுங்க சாஹேப். தகடு சின்னது. கணக்கு போட்டது நான்தான், தப்பா போட்டுட்டேன்.”

“என்னய்யா உளர்றே? உன் சர்டிபிகேட் மேலதான் எனக்குச் சந்தேகம். உன் கணக்கை நான் சந்தேகப்பட்டதே இல்லையே!”

“ரெண்டுமே தப்புதான் சாஹேப்.”

 அவர் ஃபோனை எடுத்து நிறுத்தச் சொன்னார். இப்போது பெரிய தகடு போட்டாகிவிட்டது. என்னை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ரஞ்சனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இன்று தேநீர் மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

பூச்சி அரித்தது என்றெல்லாம் எழுதாதே. உள்ளதை எழுது. அந்தக் கடைசி ஆண்டைப் படித்தே தீருவது என்று முடிவு செய்திருக்கிறேன். சூரத்தில் ஒரு கல்லூரியில் விசாரித்தேன். மூன்று ஆண்டுத் தேர்ச்சியை ஏற்பார்களாம், ஆனால் நடத்தை நன்று என்று பழைய கல்லூரி எழுதித் தர வேண்டுமாம்.

உன் கல்லூரிக்கு வரமாட்டேன். என் விடைத்தாளை நீ எப்போதும் இரண்டு தடவை பார்ப்பாய். அது நியாயம்தான். அதனால்தான் வரமாட்டேன்.

அந்த நடத்தைக் கடிதத்தை உன்னால் எழுத முடியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முடிந்தால் நேரே சூரத்துக்கு அனுப்பிவிடு. எனக்கு நகல் வேண்டாம்.

கிரிட்