இரண்டுக்குப் பின் வந்த கொடி

எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பல வருடங்களாகப் போர்வைக்குள் கிடந்த தன் டூ-ஸ்ட்ரோக் வண்டியை நேற்றுக் காலை உதைத்து எழுப்பினார். யாருடைய பேச்சை நம்பினாரோ, விளக்கெண்ணெயில் செய்த ரேஸ் ஆயிலைக் கலந்து ஊற்றியிருக்கிறார். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுவதும் வெள்ளைப் புகை. அக்கம்பக்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் என்னுடையதைத் திறந்து வைத்தேன். எரிந்த விளக்கெண்ணெயின் அந்த வாசத்தை உன் கடையிலும் பந்தயத் திடலிலும் தவிர வேறெங்கும் நான் அறிந்ததில்லை. நீ போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது வீண்வேலை என்பது என் கருத்து. இதை எழுதுவதற்கு ஒரே காரணம், அந்தப் பந்தயத்தின் முப்பது சுற்றுகளைப் பற்றிப் பேச இங்கே வேறு ஆள் இல்லை.

எண்பதுகளின் இறுதியில் என் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கூட்டுச்சாலையில் இருந்த உன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது, நீ வண்டியைப் பார்க்கவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்.

"இன்னா வேல பண்றீங்கக்கா?"

"காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுக்கறேன்."

"ஸ்டாப்வாட்ச் பாக்கத் தெரியுமா?"

"அதப் பாத்துதான்ப்பா எனக்குச் சம்பளமே."

"அப்ப ஞாயித்துக்கெழம ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

நீ கேட்கவில்லை, அறிவித்தாய். உன் தம்பி ஸ்டீபன் பைக் பந்தயத்தில் ஓட்டுபவன். நீ அவனுடைய மெக்கானிக். உங்களுக்குச் சுற்றுகளை எண்ணி எழுதித் தந்துகொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். எனக்குப் பந்தயத்தின் மேல் மோகம் ஏதும் கிடையாது. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளலாமே என்றுதான் வந்தேன்.

வேகமான வண்டி வெல்லும் என்பது என் அனுமானம். முதல் மூன்று பந்தயங்களிலேயே அது தவிடுபொடியாயிற்று. ஒருவருக்கு கிளட்ச் கேபிள் அறுந்தது. இன்னொருவருக்குச் செயின் கழன்றது. எல்லோரையும்விட வேகமாகச் சுற்றிய ஒருவர், பெட்ரோல் டாங்க் மூடி திறக்க மறுத்ததால் ஐந்தாம் இடத்துக்குப் போனார். "ஓட்ற வண்டிய எல்லாரும்தான் பாக்கறான். நீங்க நிக்கிற வண்டியப் பாருங்கக்கா" என்றாய். அன்றிலிருந்து, வண்டிகள் நின்று பழுது பார்த்துக்கொள்ளும் பிட் என்ற அந்த இடத்தில் ஒவ்வொருவரும் எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்பதையும் குறிக்கலானேன். ஒரு சுற்றுக்கு அரை விநாடி வீதம் இருபது சுற்றுகளில் உயிரைக் கொடுத்துச் சேர்த்ததை, ஸ்பேனரைத் தேடும் பத்து விநாடியில் ஒருவன் தொலைத்துவிடுகிறான். இப்போது தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள், ஒரே மாதிரி உடுப்புப் போட்ட கூட்டம் கண்ணிமைப்பதற்குள் சக்கரத்தை மாற்றிவிடுகிறது. உன்னிடம் இருந்தது ஒரு கோணிப்பை. அதன் மேல் எந்த ஸ்பேனர் எந்த இடத்தில் என்பதை நீ மாற்றவே மாட்டாய். வேறு யாரேனும் தொட்டால் கையில் அடி விழும். எனக்கே ஒருமுறை விழுந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடந்த அந்தப் பந்தயம் முப்பது சுற்று. நடுவில் எல்லோரும் ஒருமுறை நின்று பெட்ரோல் ஊற்றிக்கொள்ள வேண்டும். முதலில் வருபவனைத் தன் அணியில் சேர்த்துக்கொள்வதாக ஒரு வண்டிக் கம்பெனி சொல்லியிருந்தது. ஸ்டீபனுக்கு இருபத்தெட்டு வயது. அடுத்த ஆண்டு அவனை எவரும் கேட்கப்போவதில்லை என்பது நம் மூவருக்கும் தெரியும்.

பதினான்காம் சுற்றில் பெட்ரோலுக்கு நின்றான், குறையொன்றும் இல்லை. இருபத்தோராம் சுற்றின் முடிவில், எதிர்பாராமல், இருமிக்கொண்டே உள்ளே வந்தது வண்டி. "ப்ளக்கு கரி புடிச்சுகினு கீது" என்றபடி நீ குனிந்தாய். நான் என் இடத்தை விட்டு ஓடிவந்து உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கரி படியாத, ஆனால் இன்ஜினை அதிகம் சூடேற்றுகிற வேறு வகைப் ப்ளக்கை மாட்டினாய். முப்பத்தெட்டு விநாடி. "ஆக்சிலேட்டர முழுசாத் தொறந்தா ஒரு ரவுண்டுதான்டா தாங்கும். அடக்கி ஓட்டு. அக்கா போர்டுல ஒண்ணு காட்டினதும் தொற" என்று அவன் ஹெல்மெட்டுக்குள் கத்தினாய்.

அதன் பிறகு நடந்ததை ஒரு விந்தையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை நின்ற நம் வண்டி, ஒரே முறை நின்றவர்களை ஒவ்வொருவராகத் தாண்டியது. ஒருவருடைய வண்டி பெட்ரோல் ஊற்றியபின் கிளம்ப மறுத்தது. இன்னொருவருக்கு பிரேக் போயிற்று. கடைசியில் முன்னால் இருந்தது ஒரே வண்டி, அதுவும் கூப்பிடு தூரத்தில். நான் சாக்கட்டியால் பலகையில் மீதிச் சுற்றை எழுதித் தூக்கிக் காட்டினேன்: மூன்று. பிறகு இரண்டு. அவன் தலையசைத்துப் போனான். திரும்பி வந்தபோது, "ஒன்று" என்று எழுதிய பலகை என் கையில் தூக்கத் தயாராக இருந்தது. பந்தயம் முடிந்ததற்கான கட்டம் போட்ட கொடி அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தது. ஸ்டீபன் இரண்டாவது. அவன் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறக்கவே இல்லை.

ஏதோ குழப்பத்தில் கொடியை முன்கூட்டியே ஆட்டிவிட்டார்கள் என்று நான் சத்தம் போட்டேன். நீ கோணிப்பையைச் சுருட்டினாய்.

மறுநாள் மாலை, அந்த முப்பத்தெட்டு விநாடிதான் நம்மைத் தோற்கடித்ததா என்று அறியும் ஆவலில் சுற்று நேரங்களையும் நின்ற நேரங்களையும் கூட்டினேன். மொத்தப் பந்தய நேரத்தோடு அது ஒட்டவில்லை. சரியாக ஒரு சுற்று நேரம் உதைத்தது. கோடுகளை எண்ணினேன். இருபத்தொன்பது. சுற்று முடியும் எல்லைக்கோடு பிட்டுக்குள்ளும் நீண்டு வரும். நம் இடமோ அதைத் தாண்டி. ப்ளக்குக்காக ஸ்டீபன் உள்ளே வந்தபோதே இருபத்தோராம் சுற்று முடிந்துவிட்டது. அதைக் குறிக்க வேண்டியவள் ப்ளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு என்று காட்டியபோது மீதி இருந்தது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை உன் கடைக்கு வந்து சொன்னேன். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தெரியும்க்கா. அங்கியே எண்ணிட்டேன்."

"ஸ்டீபன் கிட்ட என்ன சொன்னே?"

"இன்ஜின் சத்தம் சரியில்ல, நான்தான் ஒண்ணு காட்ட வேணாம்னு சொன்னேன்னு. அத்தோட எங்கிட்ட பேச்ச நிறுத்திட்டான்."

"உன்னை யார் சொல்லச் சொன்னா?"

"எழுதற கை ஒருவாட்டி பயந்துச்சுன்னா அப்புறம் எதுக்கும் ஆவாதுக்கா."

"என் கையப் பத்தி நீ கவலப்பட வேண்டாம். கடையச் சாத்து. ஊரப்பாக்கம் போறோம்."

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஊரப்பாக்கம் போனோம். ஸ்டீபன் வீட்டு வாசலில் பந்தய வண்டி நின்றிருந்தது. உட்காரச் சொன்னான். உட்காராமலே சொல்லி முடித்தேன். அவன் என்னை விட்டுவிட்டு உன்னைக் கேட்டான்.

"தொறந்திருந்தா தாங்கியிருக்குமாண்ணா?"

நீ ஸ்பேனரை எடுத்தாய். நான்கு நட்டுகளைக் கழற்றி, இன்ஜினின் தலையைத் தூக்கி வைத்தாய். மூவரும் குனிந்தோம். பிஸ்டனின் மேற்புறம் காப்பித்தூள் நிறத்தில் சீராக இருந்தது. அதன் விளிம்பு சூட்டில் எங்காவது உருகியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாய். அந்தக் குற்றவுணர்வின் நடுவிலும், ஓர் உலோகத்தின் நிறத்தைக் கொண்டு நடக்காத ஒரு சுற்றை எப்படிப் படிப்பாய் என்று எனக்கு ஆர்வமாக இருந்தது. தாங்கியிருக்காது என்று நீ சொல்லியிருந்தால் மூன்று பேருக்கும் சௌகரியம். அவன் தூங்கியிருப்பான், நானும் தூங்கியிருப்பேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

"தாங்கியிருக்கும்" என்றாய்.

ஸ்டீபன் எழுந்து தெருக்கோடி வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். முகம் கழுவியிருந்தான். "அடுத்த ரேஸுக்கும் அக்காவே எழுதட்டும். இந்தத் தப்ப இனிமே அவங்க பண்ண மாட்டாங்க. புதுசா ஒர்த்தன் வந்தா மொதல்லருந்து பண்ணுவான்" என்றான். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, அவன் சொன்னது சரி என்பதால் எழுதச் சம்மதித்தேன். கம்பெனி அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவே இல்லை. பொத்தேரியில் உள்ள கல்லூரிக்கு மாணவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தைப் பல வருடம் ஓட்டினான். சந்தித்தபோதெல்லாம் எனக்கு வணக்கம் சொல்லத் தவறியதில்லை.

அதற்குப் பின்னும் என் கையால் சில காரியங்கள் கெட்டிருக்கின்றன. எப்படியும் அது கைகூடியிருக்காது, உங்கள் மேல் தப்பில்லை என்று ஆறுதல் சொல்ல ஆட்கள் கிடைத்தார்கள். அப்போதெல்லாம், திறந்து பார்த்துத்தான் சொல்கிறார்களா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். என் மாணவிகளுக்கும் பார்க்காமல் நான் ஆறுதல் சொன்னதில்லை. அதனால் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர். அன்றைய தோல்வி என்னுடையது. உன் தம்பியின் எதிரில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நீ அதை என்னிடம் கொடுத்தாய். உன்னை நண்பன் என்று நான் சொல்லத் தொடங்கியது அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்துதான்.