அம்மா சொன்ன ‘சரி’

அன்புள்ள சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாத்திரையும் கையுமாகச் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அங்கேயே இன்னும் மூன்று வருஷம் வேலைக்குக் கையெழுத்துப் போடட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், அம்மா சரி என்றாள், நீயும் சந்தோஷமாகப் போனை வைத்தாய். அந்தச் சரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்தவன் தூங்கிவிட்டேன், தூங்கினாலும் பரவாயில்லை, விட்ட குறட்டையில் தலை ஆடிப் படமெல்லாம் கலங்கிப்போச்சு. ஐயா, கொஞ்சம் முழிச்சிக்கிட்டு இருங்களேன் என்று ஆராய்ச்சி செய்கிற பொண்ணு மைக்கில் கெஞ்சி முதலிலிருந்து எடுத்தாள். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு மூளையில் நரம்புப் பாதை எங்கே அறுந்திருக்கிறது என்று படம் பிடிக்கிறார்கள், அம்மா படத்தோடு ஒப்பிட அதே வயதில் பழுதில்லாத மூளை ஒன்று தேவைப்பட்டது. என் மூளையை அப்படி ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை, அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரில் இரண்டு படத்தையும் காட்டினாள், கலர் கலராக நூல்கண்டு பிரிந்த மாதிரி இருந்தது. இடது காதுக்கு மேலே எனக்கு ஒரு நரம்புக் கத்தை வில்லாக வளைந்து போகிறது, அம்மாவுக்கு அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. லாரி ஆபீஸில் பார்சல் பதிந்தவன் பாஷையில் சொன்னால் சரக்கெல்லாம் குடோனில் பத்திரம், வெளியே வரும் ரோடுதான் போச்சு. நாம் பேசுவது அவளுக்குப் புரிகிறது, பதிலுக்கு வருவது சரி ஒன்றுதான். வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. நேற்று நானே சமைக்கட்டுமா என்று கேட்டேன், சரி என்று சொல்லிக்கொண்டே இடது கையால் கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நீ வந்து பார்த்துப் போனபோது அந்த ஒரு வார்த்தையும் இல்லை, அது வந்த குஷியில் அம்மா பேச ஆரம்பிச்சுட்டா என்று உன்னிடம் பெருமையடித்தவன் இந்த அவசரக்குடுக்கைதான். இப்போது அம்மாவுக்கு வலது பக்கம் ஒரு மெல்லிய கத்தை போன தடவை எடுத்த படத்தைவிடக் கொஞ்சம் தடித்திருக்கிறது, பேச்சு அந்த வழியா வந்தாலும் வரலாம், ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது ஐயா என்றாள் அந்தப் பொண்ணு.

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சரி என்றபோது அம்மா தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள், பார்த்தது நான் மட்டும்தான். கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம் கண்ணு, உன் வேலை, நீ கஷ்டப்பட்டுப் பிடித்த இடம். ஆனால் அம்மா சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று நினைத்துப் போட்டுவிடாதே. இனிமேல் முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, ஒவ்வொரு கேள்வியாகக் கேள், வாயைக் கேட்காதே, தலையைப் பார். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு, எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்குத்தான். கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட மறக்காதே. அன்றைக்கு அம்மா கையிலிருந்து போனை வாங்கியபோது என் வாய் வரைக்கும் வந்தது, வந்துடு கண்ணு என்பதுதான். நான் கேட்டது, அங்கே மழையா என்று.

உன் அப்பா